படம் போட்ட அறிவியல் புத்தகத்தை வைத்து என்ன செய்வது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மகன் இரண்டாம் வகுப்பு, மகளுக்கு நாலு வயது. நிறையச் செலவு செய்து ஆங்கிலத்தில் ஒரு அறிவியல் கலைக்களஞ்சியம் வாங்கினாராம். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். பையன் ஒரு வாரம் டைனோசரையும் எரிமலையையும் புரட்டினான், அப்புறம் புத்தகம் அலமாரிக்குப் போய்விட்டது. தமிழில் நல்ல படப் புத்தகம் கிடைக்கிறதா, எந்த வயதுக்கு எது வாங்கலாம், இல்லை இதெல்லாம் வீண் செலவா என்பது அவர் கேள்வி. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பல காலம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

தம்பி, வீண் செலவு இல்லை. ஆனால் எந்தப் புத்தகம் என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேளுங்கள்: இதில் பார்த்ததைப் பையன் எங்கே போய்ச் சரிபார்ப்பான்? டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டாகிறது. எரிமலைக்கு நம் சுற்றுவட்டாரத்தில் வழியில்லை. வாயைப் பிளந்து பார்த்துவிட்டு மூடி வைப்பதைத் தவிர ஏழு வயதுப் பிள்ளை அந்தப் பக்கங்களை வைத்து என்ன செய்வான்? ஆசை குறைந்துபோனது அவன் குற்றமில்லை. அந்தப் பக்கங்களில் அவனுக்கு வேலை இல்லை.

அதே புத்தகத்தில் வேலை உள்ள பக்கங்களும் இருக்கும். சூரியன், நிழல், நிலா, நட்சத்திரம் பற்றிய பக்கங்களைத் திறங்கள். அநேகமாக இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வரைந்த படங்களாக இருக்கும். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும், நிழல் வடக்கே விழும். படத்தையும் அப்படியே போட்டிருப்பார்கள். காரைக்குடி, தேவகோட்டையெல்லாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 10 பாகை வடக்கே இருக்கின்றன. சித்திரை பிறந்து இரண்டொரு நாளில் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. நிழல் தெற்கே விழும். அதாவது வருஷத்தில் நாலு மாதத்துக்கு மேல் அந்தப் படம் நம் ஊருக்குப் பொருந்தாது.

இதைப் பையனிடம் சொல்லிவிடாதீர்கள், அவனே பார்க்கட்டும். வளவில் (வீட்டு முற்றத்தில்) வெயில் விழுகிற இடத்தில் ஒரு உலக்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்துப் பன்னிரண்டுக்கு அல்ல, பன்னிரண்டேகால் வாக்கில். (இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. நாம் அதற்கு மேற்கே 79 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பாகைக்கு நாலு நிமிஷம்.) மார்கழியில் அந்த நேரத்தில் உலக்கையின் நிழல் அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும், வடக்கே நீளும். ஏப்ரல் நடுவில் நிழலே இருக்காது, உலக்கையின் காலடியில் ஒடுங்கிவிடும். ஜூன் கடைசியில் கால் பங்கு நீளத்துக்குத் தெற்கே விழும். மாதம் ஒரு தடவை சாக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதிக்கொண்டு வந்தால் போதும். பழைய வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கட்டியவை என்பதால் திசை பார்ப்பதும் சுலபம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

பிறை நிலாவும் அப்படித்தான். மேல்நாட்டுப் புத்தகத்தில் பிறை செங்குத்தாக நிற்கும். நம் ஊர் மூன்றாம் பிறை தோணி மாதிரி கிட்டத்தட்ட மல்லாந்து கிடக்கும், மாதத்துக்கு மாதம் சாய்வு கொஞ்சம் மாறும். துருவ நட்சத்திரத்தைப் படத்தில் உயரத்தில் காட்டியிருப்பார்கள். லண்டன்காரர் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், நமக்கோ அது அடிவானத்திலிருந்து பத்துப் பாகைதான். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அந்த முஷ்டி உயரம். வடக்கே மரமோ மாடி வீடோ இருந்தால் தெரியவே தெரியாது. எந்தப் புத்தகத்துக்கும் ஒரு ஊர் இருக்கிறது. நம் ஊரோடு அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று பிள்ளை கண்டுபிடிக்கிற இடத்தில்தான் அவனுக்குக் கேள்வி பிறக்கிறது. அதனால் வெளிநாட்டுப் புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முரண்பாடு இருப்பதாலேயே அது பயன்படும்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லர் மகன். பதினாலு வயதில் புத்தகம் பைண்டு செய்கிற கடையில் வேலை பழகச் சேர்ந்தவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துத்தான் அவருக்கு அறிவியல் பிடிபட்டது. அதில் ஒன்று, ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதி 1806 என்று ஆண்டு போட்டு வந்த வேதியியல் நூல். ஒரு ஆசிரியையும் இரண்டு பெண்பிள்ளைகளும் பேசிக்கொள்கிற நடை, நடுநடுவே கருவிகளின் படங்கள். வயதான பிறகு ஃபாரடே ஒரு கடிதத்தில் இதை நினைவுகூர்ந்தார். சின்ன வயதில் அரபுக் கதைகளையும் கலைக்களஞ்சியத்தையும் ஒரே மாதிரி நம்பக்கூடிய ஆளாக இருந்தாராம். ஆனால் அந்த அம்மையார் சொன்னதைத் தன்னால் முடிந்த சின்னச் சின்னச் சோதனைகளால் சோதித்துப் பார்த்தபோது உண்மையாகவே இருந்ததால்தான் காலூன்ற ஓர் இடம் கிடைத்தது என்று எழுதினார். இந்த மனிதர்தான் 1834-இல் மின்பகுப்பு விதிகளை, அதாவது மின்சாரம் செலுத்திப் பொருள்களைப் பிரிக்கிற கணக்கை, வெளியிட்டவர்.

அந்த விதிகளின் மேல் நிற்கிற ஆய்வகம் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத்தான் சொல்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று திறந்தார்கள். பேட்டரி, முலாம் பூசுவது, இரும்பு துருப்பிடிப்பது எல்லாம் அங்கே ஆய்வுப் பொருள். மாணவர்களை எந்த நாளில் உள்ளே விடுகிறார்கள் என்று பள்ளி மூலமாகக் கேட்டு அழைத்துப் போங்கள். போவதற்கு முன்னால் பேட்டரி பற்றி ஒரு படப் பக்கமாவது பார்த்திருக்கட்டும். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டால், இரண்டு பென்சிலை இரு முனையும் சீவி, ஒரு 9 வோல்ட் பேட்டரியோடு ஒயரில் இணைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்குங்கள். மைனஸ் பக்கம் குமிழி கூடுதலாக வரும், அது ஹைட்ரஜன். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டுவிடாதீர்கள், குளோரின் வரும். பெரியவர் ஒருவர் கூட இருந்தே செய்ய வேண்டும்.

அடுத்தது, படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக்குகிறோம். படத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். பூமியைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படம், இலையில் ஒரு துணுக்கை வட்டம் போட்டுப் பெரிதாக்கின படம், அம்புக்குறி போட்ட மழைச் சுழற்சி, இதெல்லாம் பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. சின்னப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? ரத்த ஓட்டப் படத்தில் சிரைகளுக்கு நீலம் பூசியிருப்பதைப் பார்த்து, உடம்புக்குள் நீல ரத்தம் ஓடுகிறது என்று பத்தாம் வகுப்பு வரை நம்புகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

குறுக்குவெட்டைச் சமையலறையிலேயே சொல்லிக்கொடுக்கலாம். ஒரு வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுங்கள், இன்னொன்றை நெடுக்கே. இரண்டையும் பையன் வரையட்டும். ஒரே காய்க்கு இரண்டு படம், ஒன்றில் ஐந்து அறை வட்டமாக, இன்னொன்றில் விதைகள் வரிசையாக. அதற்குப் பிறகு எந்தக் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தாலும் “கத்தி எந்தப் பக்கம் போயிருக்கு?” என்று அவனே கேட்பான்.

அளவு இன்னும் பெரிய தலைவலி. பூமியையும் நிலாவையும் ஒரே பக்கத்தில் அடக்கப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவிடுகிறார்கள். ஒரு ஆரஞ்சுப் பழம் பூமி என்றால், ஒரு நெல்லிக்காய் நிலா. எவ்வளவு தூரத்தில் வைப்பாய் என்று பையனைக் கேளுங்கள், ஒரு சாண் என்பான். ஏழு அடி தள்ளி வைக்க வேண்டும். பூமியின் விட்டத்தைப் போல 30 மடங்கு. அதே கணக்கில் சூரியன் 25 அடி அகலம், 800 மீட்டருக்கு அப்பால். அதையும் நடந்தே காட்டலாம், பையனை ஆரஞ்சோடு வாசலில் நிறுத்திவிட்டு நீங்கள் தெருக்கோடியும் தாண்டிப் போக வேண்டியிருக்கும். இதைச் செய்துவிட்டுத் திரும்ப வந்து புத்தகத்தைத் திறந்தால் “இவங்க ஏன் இப்படிப் போட்டிருக்காங்க?” என்ற கேள்வி வரும். பக்கம் சின்னது என்பதுதான் பதில். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை இனி எந்தப் படத்தையும் அளவு பார்க்காமல் நம்ப மாட்டான்.

நாலு வயதுப் பாப்பாவுக்கு வேறு கணக்கு. இந்த வயதுக்கு என்று கடையில் வைத்திருப்பதில் பாதி, சட்டை போட்ட முயலும் பேசுகிற கரடியும். கதைக்கு அவை சரி, நம் பிள்ளைகள் பேசும் நரியையும் காக்கையையும் கேட்டே வளர்ந்தவர்கள். ஆனால் விலங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள அவை உதவாது. 2014-இல் வெளியான ஒரு ஆய்வில், தெரியாத விலங்குகளைப் பற்றிய புத்தகங்களை மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார்கள். விலங்குகளை மனிதர்களைப் போலப் பேசவும் நினைக்கவும் விட்ட புத்தகத்தைக் கேட்டவர்கள் உண்மைத் தகவல்களைக் குறைவாகவே பிடித்துக்கொண்டார்கள், நிஜ விலங்குக்கும் மனிதக் குணங்களை ஏற்றிச் சொன்னார்கள். அதற்கு முன் 2008-இல் வந்த இன்னொரு ஆய்வில், மிகச் சின்னப் பிள்ளைகள் கேலிச்சித்திரத்தைவிட நிழற்படத்தில் கற்றதைத்தான் நிஜப் பொருளோடு நன்றாகப் பொருத்தினார்கள். இழுத்தால் எழுந்து நிற்கிற, திறந்தால் மடிப்பு விரிகிற புத்தகங்களையும் 2010-இல் சோதித்திருக்கிறார்கள். கை விளையாட்டில் கவனம் போய்விடுகிறது, விஷயம் ஏறுவது குறைகிறது. விலையும் இரண்டு மடங்கு. எனக்கு அந்த வகைப் புத்தகங்களின் மேல் எப்போதுமே பிரியம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எனவே பாப்பாவுக்கு: ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள், தெளிவான நிழற்படம் அல்லது உண்மைக்கு நெருக்கமான ஓவியம், குறைந்த எழுத்து. அதுவும் அவள் தினமும் பார்க்கிற பொருளாக இருந்தால் நல்லது. காகம், ஓணான், எறும்பு, வாழைப்பூ. எறும்பை முதலில் புத்தகம் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள், அண்ணனும் கூட வரையட்டும். கால்களை உடம்பு முழுக்க ஒட்டிவிடுவார்கள். பிறகு ஒரு லென்ஸ் கொடுத்துக் கட்டெறும்பைப் பார்க்க விடுங்கள். ஆறு காலும் நடுப் பகுதியிலிருந்துதான் புறப்படும். அதற்குப் பிறகு கடையில் விற்கிற படங்களில் எறும்புக்கு நாலு கால் போட்டவரை, வயிற்றில் கால் ஒட்டியவரை அவர்களே பிடித்துவிடுவார்கள். அச்சில் வந்ததில் தப்பு கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. அதைத் தடுக்காதீர்கள். பென்சிலால் ஓரத்தில் எழுதிவைக்கவும் விடுங்கள்.

பழைய புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதற்கும் இதுதான் காரணம். உங்கள் சித்தப்பா காலத்துப் புத்தகத்தில் ஒன்பது கோள் இருக்கும். 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றியது, இப்போது எட்டு. சனிக்கு எத்தனை துணைக்கோள் என்று பையனைத் தேடச் சொல்லுங்கள். 1990-களில் அச்சான புத்தகத்தில் 18 இருக்கும், அதற்குப் பின் வந்ததில் வேறொரு எண். 2025 மார்ச்சில் 128 புதியவற்றைச் சேர்த்து 274 என்று அறிவித்தார்கள். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் விரித்துவைத்து எது சரி என்று கேட்டால், அச்சிட்ட ஆண்டைப் பார்க்கும் பழக்கம் தானாக வரும். விருந்தாளி வந்தால் “மாமாவுக்குக் கோள் பெயரெல்லாம் சொல்லு” என்று நிறுத்திவைப்பதைவிட இது நல்ல விளையாட்டு. அந்த ஒப்பித்தல் வேண்டவே வேண்டாம். படப் புத்தகத்தைத் தேர்வுத் தாளாக்கிவிட்டால் பிள்ளை அதன் பக்கம் வர மாட்டான்.

நம் பக்கத்தில் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பறவைப் புத்தகம் வாங்கினால் மழைக்காலம் முடிந்ததும் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போங்கள். 1977-இல் சரணாலயமாக அறிவித்த வேட்டங்குடிக் கண்மாய்கள் அங்கேதான். பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். நத்தைகுத்தி நாரையின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஒரு இடைவெளி தெரியும், நத்தை தின்கிற பறவை அது. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். உங்கள் புத்தகத்தில் குஞ்சை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். இரவல் வாங்கியாவது ஒரு பைனாகுலர் கொண்டுபோவது நல்லது.

கட்டுமானப் பொருள்கள் பற்றிய பக்கம் இருந்தால், தரையில் பதிக்கிற பூக்கல் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்குப் போகலாம். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டுப் பண்ணுகிறார்கள். சூளையே கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. அப்புறம் கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பார்கள். ஈரம் காய்ந்தால்தானே கெட்டியாகும், ஏன் தண்ணீரில் போடுகிறார்கள் என்று பையன் கேட்டால் அவன் பாதிக் கிணறு தாண்டிவிட்டான். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. விலங்குகளின் உடல் அமைப்பு பற்றிப் படித்தால் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் பக்கம்தான், 1910-லிருந்து இருக்கிறது.

வீட்டில் அப்பத்தா, ஐயா இருந்தால் அவர்களையும் கூட உட்கார வையுங்கள். ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்குவார்கள். படத்துக்கு ஆங்கிலம் எதற்கு? எழுத்தைக் கையால் மறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்து என்ன நடக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லட்டும். எந்த மரம் எப்போது பூக்கும், எந்தப் பாம்பு கடிக்காது என்பதில் அவர்களுக்குத் தெரிந்தது பல புத்தகங்களில் இருக்காது. அவர்கள் சொல்வதையும் சரிபார்க்கலாம், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கடைசியாக, எங்கே வாங்குவது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து நடத்துகிற துளிர் மாத இதழுக்கு முதலில் சந்தா கட்டுங்கள். மாதம் ஒரு தடவை தன் பெயருக்குத் தபாலில் ஒன்று வருவது பையனுக்குப் பிடிக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் சிறுவர் நூல்கள் மலிவு, சில பழைய ஓவியங்கள் மங்கலாக இருக்கும், பரவாயில்லை. துளிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்கள் விலை சற்றுக் கூட, ஓவியம் நன்றாக இருக்கும். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகளில் அறிவியல் நிறைய உண்டு. காசே வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், பாப்பாவுக்கு முதல் நிலை, பையனுக்கு இரண்டும் மூன்றும். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் போனால் பிள்ளைகளைக் கூட்டிப் போய் அவர்களையே எடுக்க விடுங்கள், நீங்கள் ஒன்று, அவர்கள் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி நன்றாக இருக்கிறது, ஒரு சனிக்கிழமை போய்வரலாம். உள்ளூர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர் கட்டணம் ரொம்பக் குறைவு.

ஒரே நேரத்தில் பத்துப் புத்தகம் வாங்காதீர்கள். இரண்டு வாங்கி, ஒரு லென்ஸும் கோடு போடாத ஒரு வரைநோட்டும் வாங்குங்கள். அலமாரியில் இருக்கிற கலைக்களஞ்சியத்தை எடுத்து, கைக்கு எட்டுகிற உயரத்தில், சூரியன் பக்கம் திறந்தபடி வையுங்கள்.